தோட்டப்புற நீர்வழி ஒளிக்கலை விழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துக் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயாவுக்கும் கம்போங் குவாந்தானுக்கும் இடைப்பட்ட எங்கள் தோட்டப்புற ஊரில், பெரிய கால்வாயின் கரையிலும் வெள்ளீயம் தோண்டிய பழைய ஈயக் குட்டையைச் சுற்றியும் மூன்று இரவுகள் ஒளிக்கலை விழா நடத்துகிறோம். ஊர்மக்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோரும் பக்கத்துக் கம்பத்தாரும் (கிராமத்தாரும்) ஏற்பாட்டுக் குழுவிடம் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

இது எந்த ஆற்றைப் பற்றிய விழா?

சுங்கை சிலாங்கூர் என்ற ஆற்றையும் அதில் போய்ச் சேரும் நம் ஊர்க் கால்வாய்களையும் பற்றிய விழா. தித்திவங்சா மலைத்தொடரில் பிரேசர் மலைப் பக்கம் ஊற்றெடுக்கும் இந்த ஆறு கோலகுபு பாருவைத் தொட்டு, ரப்பரும் செம்பனையும் ஈயமும் விளைந்த சமவெளியைக் கடந்து, கோலசிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேல் இந்த ஆற்றிலிருந்து போகிறது. அதன் அருமை தலைநகரத்தாருக்கு 2020 செப்டம்பரில் நன்றாகத் தெரிந்தது. ரவாங் வட்டாரத்துச் சுங்கை கோங்கில் கலந்த கழிவு ஆற்றை எட்டியதால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நீர்க் கணக்குகளில் குழாய் வறண்டது.

நம் ஊர்க் கால்வாய் குடிநீர் எடுக்கும் இடங்களுக்குக் கீழேதான் ஆற்றில் விழுகிறது. ஆகவே நாம் கொட்டும் சோப்புத் தண்ணீரும் எண்ணெயும் நெகிழிப் பையும் கோலாலம்பூர்க்காரர் வீட்டுக்குப் போவதில்லை. நேரே மின்மினிகள் வாழும் சேற்றுக்குப் போகின்றன. இதனால்தான் செய்தித்தாளில் இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது எங்கள் கருத்து.

மின்மினிகளுக்குப் பேர்போன ஆற்றங்கரையில் விளக்கு விழா நடத்துவது முரணாக இல்லையா?

முரண்தான். குழுவின் முதல் கூட்டத்திலிருந்தே இந்தக் கேள்வி எழுந்துகொண்டிருக்கிறது. விழாவின் விதிகளில் பெரும்பாலானவை இதற்குப் பதில் தேடியபோது உருவானவை.

கம்போங் குவாந்தானில் நாம் காணும் மின்மினி, தெரோப்டிக்ஸ் தெனெர் என்ற இனத்தைச் சேர்ந்தது. சுமார் ஆறு மில்லிமீட்டர் நீளமே உள்ள வண்டு. ஆண் பூச்சிகள் பெரெம்பாங் மரத்தின் இலைகளில் அமர்ந்து, ஒன்றோடொன்று தாளம் பிசகாமல் மின்னி, பெண் பூச்சிகளை அழைக்கின்றன. அந்த அழைப்பு மிக மெல்லியது. எதிர்க்கரையில் ஒரு வெள்ளைத் தெருவிளக்கு எரிந்தாலே அந்த அழைப்பு மங்கிப் போகும். இணை சேர்வது குறையும். அடுத்த தலைமுறை சிறுக்கும். இத்தோடு மரம் மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறு. இணை சேர்ந்த பெண் பூச்சி மரத்தை விட்டிறங்கிக் கரையின் ஈர மண்ணில் முட்டையிடுகிறது. பொரிந்து வரும் புழு, நீப்பா ஓலைக்கும் சாகோ மரத்துக்கும் அடியில் சேற்றில் ஊர்ந்து, சிறு நத்தைகளைத் தின்று, மாதக்கணக்கில் வளர்கிறது. நாம் படகிலிருந்து பார்க்கும் மினுமினுப்பு அதன் வாழ்நாளின் கடைசிச் சில வாரங்கள் மட்டுமே.

ஆகவே ஆற்றங்கரையில் ஒரு விளக்குகூட வைப்பதில்லை. விழா நடக்கும் கால்வாய்ப் பகுதிக்கும் ஆற்றுக்கும் இடையே செம்பனை நிரைகள் திரையாக நிற்கின்றன. ஆற்றின் நடுவில் படகை நிறுத்தி விழாத்திடல் பக்கம் பார்த்தால் வெளிச்சம் தெரியக் கூடாது என்பதே எங்கள் அளவுகோல். விளக்குகள் பொருத்தப்பட்டதும் குழுவினர் இருவர் சம்பானில் போய்ப் பார்ப்பார்கள். தெரியும் விளக்கு எதுவானாலும், அதை யார் செய்திருந்தாலும், அன்றிரவே இடம் மாற்றப்படும் அல்லது அணைக்கப்படும்.

அப்படியானால் எந்த விளக்குகளுக்கு அனுமதி உண்டு?

தாழ்வாக, கீழ்நோக்கி, மூடியுடன், குறைந்த வெளிச்சத்தில் எரிபவைக்கு மட்டும். இடுப்புயரத்துக்கு மேல் வெறும் பல்பு தெரியக் கூடாது. வானத்தை நோக்கிய ஒளிக்கற்றை, லேசர், விட்டுவிட்டு மின்னும் விளக்கு ஆகியவற்றுக்கு இடமில்லை. நீலமும் நீலம் கலந்த வெள்ளையும் பூச்சிகளை அதிகமாக இழுப்பதால் அவற்றையும் தவிர்க்கிறோம்.

மஞ்சள் விளக்கு வைத்தால் போதும், தீங்கில்லை என்று பலர் எழுதிக் கேட்கிறார்கள். பொதுவான பூச்சிகளுக்கு அது ஓரளவு சரி, மின்மினிக்குச் சரியில்லை. அதன் கண், தன் இனம் வெளிவிடும் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒளியையே கூர்மையாகக் காணும்படி அமைந்தது. சிவப்பு அதற்கு மிகக் குறைவாகவே படுகிறது. ஆற்றுக்கு நெருக்கமான கடைசிப் பகுதியில் சிவப்பு மட்டும், திடலின் உட்பகுதியில் மங்கிய மஞ்சள், இரவு பத்தரைக்கு எல்லாம் அணைப்பு என்ற ஏற்பாடு இப்படி வந்தது. சிவப்பு வெளிச்சம் ஊரில் சிலருக்கு அமங்கலமாகத் தோன்றுவது எங்களுக்குத் தெரியும். ஆயினும் அதை மாற்றுவதாக இல்லை.

விழாவை ஏன் அமாவாசையில் வைக்காமல் பௌர்ணமியை ஒட்டி வைக்கிறீர்கள்? இருட்டில்தானே விளக்கு எடுக்கும்?

இருண்ட இரவுகள் மின்மினிகளுக்கும், அவற்றைக் காட்டிப் பிழைக்கும் படகுக்காரர்களுக்கும் உரியவை. நிலவு காயும் இரவுகளில் வானமே வெளிச்சமாக இருக்கும். படகுத்துறையிலும் கூட்டம் குறையும். நடைபாதைக்கென்று தனியாக விளக்கு வைக்கும் தேவையும் பாதியாகக் குறைகிறது.

இதில் ஒரு தொல்லை உண்டு. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றம் அதிகம். ஏற்ற நேரத்தில் ஆறு உயர்வதால் கால்வாய் முகத்திலுள்ள நீர்க்கதவு மூடிக்கொள்ளும். உள்ளே தோட்டத்து நீர் வடிய வழியில்லாமல் தேங்கும். அந்தச் சமயத்தில் மலையோரம் மழையும் பெய்தால், மாலை ஆறு மணிக்கு முழங்காலுக்குக் கீழே இருந்த கால்வாய் எட்டு மணிக்குள் கரையைத் தொட்டுவிடும். மிதக்கும் படைப்புகளைக் கட்டும் கயிற்றுக்கு அதற்கேற்ற தளர்வு விட வேண்டும். கயிறு இறுகினால் மிதவை ஒரு பக்கம் சாய்ந்து மின்கலப் பெட்டிக்குள் தண்ணீர் போகும். ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துத்தான் மிதவைகளின் இடம் முடிவாகிறது. படைப்பாளர்கள் இடம் மாற்றித் தரும்படி கேட்டால் நாங்கள் தயங்குவதற்குக் காரணம் இதுதான்.

என்னென்ன படைப்புகளைக் காணலாம்?

முழுப் பட்டியல் நுழைவாயில் பலகையில் இருக்கும். இரண்டை மட்டும் இங்கே சொல்கிறோம்.

ஒன்று, பழைய ரப்பர் நிரை. குட்டையின் மேற்கே வெட்டாமல் விட்ட கித்தா மரங்கள் இன்னும் நிற்கின்றன. ஒவ்வொரு மரத்திலும் பட்டையில் பழைய வெட்டுத்தழும்பு முடியும் இடத்தில் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்று கம்பியில் தொங்குகிறது; உள்ளே நெல்லிக்காய் அளவு விளக்கு. மங்கின் விளிம்பு மறைப்பதால் வெளிச்சம் மரத்தின் தழும்பில் மட்டும் விழுகிறது. விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல எரிந்து அணைவதைத் தொலைவில் நின்று பார்த்தால், விடியலுக்கு முன் நெற்றி விளக்கோடு நிரைபிடித்துப் பால் வெட்டப் போனவர்கள் நகர்வதுபோல் இருக்கும். ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளர்களே மங்குகளின் உயரத்தைச் சரிபார்த்துக் கட்டினார்கள். கலைக்கல்லூரி மாணவர்கள் வரைந்து வந்த உயரம் ஓரடி கூடுதலாக இருந்ததை முதல் பார்வையிலேயே சொல்லிவிட்டார்கள்.

மற்றொன்று, ரப்பர் தாள்களை உலர்த்திய பழைய புகைக்கூடத்தின் சுவரில் ஓடும் படக்காட்சி. இந்த மண்ணின் கதை அதில் வருகிறது. 1877இல் ரப்பர் நாற்றுகள் இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது, 1883இல் அணை உடைந்து பழைய கோலகுபுவை வெள்ளம் கொண்டுபோனது, 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆங்ரி ஃபோக்கோன்னியே நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டது, பிறகு பால் மரம் சாய்ந்து செம்பனை நிமிர்ந்தது. ஒலிப்பெருக்கி இல்லை, வேண்டுவோர் காதுக்கருவியில் தமிழ், மலாய், மாண்டரின் விளக்கங்களைக் கேட்கலாம்.

கால்வாயோரக் கம்பங்களில் ஏறி இறங்கும் விளக்குகள் எதைக் காட்டுகின்றன?

அந்தந்த இடத்து நீரின் நிலையைக் காட்டுகின்றன. ஒவ்வொரு கம்பத்திலும் ஐந்து பற்கள் வெட்டப்பட்டுள்ளன. நீர் நன்றாக இருந்தால் விளக்கு மேல் பல்லிலும், கெட்டிருந்தால் கீழ்ப் பல்லிலும் தொங்கும். நிறத்தால் காட்டியிருக்கலாமே என்று சிலர் கேட்டனர். நீலத்தையும் பச்சையையும் விலக்கிவிட்ட பிறகு நிறத்தால் சொல்ல அதிகம் மிஞ்சவில்லை. அதனால் உயரத்தைப் பிடித்துக்கொண்டோம்.

நாட்டின் சுற்றுச்சூழல் துறை ஆறுகளை ஐந்து தரமாகப் பிரிக்கிறது. கரைந்த ஆக்சிஜன், உயிரிய ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்), வேதிய ஆக்சிஜன் தேவை, அம்மோனிய நைட்ரஜன், மிதக்கும் திண்மங்கள், காரஅமில நிலை ஆகிய ஆறு அளவுகளைச் சேர்த்து நூற்றுக்குக் கணக்கிடும் குறியீடு அது. 92.7க்கு மேல் இருந்தால் முதல் தரம். 31க்குக் கீழே போனால் ஐந்தாம் தரம். இவற்றில் சில அளவுகளை ஆய்வுக்கூடத்தில்தான் பார்க்க முடியும். உயிரிய ஆக்சிஜன் தேவைக்கே ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். நம் பள்ளி மாணவர்கள் கையடக்கச் சோதனைப் பெட்டியைக் கொண்டு ஆக்சிஜன், அம்மோனியா, காரஅமில நிலை, கலங்கல் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். ஆகவே கம்பத்தில் தெரிவது அதிகாரபூர்வத் தரம் அன்று; கடந்த வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் இடையே ஏறியதா இறங்கியதா என்று காட்டும் அடையாளம் மட்டுமே. கடைவரிசைக்குப் பின்னால் உள்ள கம்பத்தில் விளக்கு தரையைத் தொடாத குறையாகத் தொங்குவதைப் பார்த்துக் கடைக்காரர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். எண்ணெயைப் பிடித்து வைக்கும் பெட்டியைப் பொருத்தினால் விளக்கு மேலே ஏறும். மாணவர்களிடம் முறையிட்டால் ஏறாது.

செம்பனைத் தோட்டமும் ஆலையும் ஆற்றைக் கெடுக்கின்றன. அதை விட்டுவிட்டு ஊர்மக்களுக்கு மட்டும் பாடம் நடத்துகிறீர்களா?

நியாயமான கேள்வி. செம்பனை ஆலைக் கழிவுநீர் ஒரு காலத்தில் இந்நாட்டு ஆறுகளின் பெரிய பகையாக இருந்தது உண்மை. 1977ஆம் ஆண்டு விதிகளின்கீழ் அதன் மாசு அளவு படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டு, 1984 முதல் ஆற்றில் விடும் கழிவுநீரின் உயிரிய ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றானது. ஆலைகளுக்குப் பின்னால் தொடர்ச்சியாகக் காணும் பழுப்புநிறக் குட்டைகள் இதற்காக வெட்டப்பட்டவையே.

கரையைப் பொறுத்தவரை, நீர்ப்பாசன வடிகால் துறையின் வழிகாட்டி ஆற்றின் அகலத்துக்கேற்ப ஒதுக்கு நிலம் விடச் சொல்கிறது. நாற்பது மீட்டருக்கு மேல் அகலமான ஆறு என்றால் இரு கரையிலும் ஐம்பது மீட்டர். ஐந்து மீட்டருக்குக் குறைவான ஓடை என்றால் ஐந்து மீட்டர். அந்த நிலத்தில் உரமும் களைக்கொல்லியும் போகாமல் புல்லும் புதரும் வளர வேண்டும். விழாவின் நடைபாதையில் ஓரிடத்தில் ஐந்து மீட்டர் தொலைவைத் தரையில் சிவப்புக் கயிற்று விளக்கால் குறித்திருக்கிறோம். கயிற்றுக்கு இப்பக்கம் செம்பனை மட்டை கிடந்தால் அது யாருடைய நிலமாக இருந்தாலும் எல்லோருக்கும் தெரியும். தோட்ட நிர்வாகம் அந்தக் கயிற்றுக்கு இடம் கொடுத்ததை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அங்கிருந்து விழாவுக்குப் பணம் பெறவில்லை. பெற்றிருந்தால் இந்தப் பதிலை இவ்வளவு தாராளமாக எழுதியிருக்க முடியாது.

இது சமய விழாவா?

இல்லை. கார்த்திகை அகலும், நோன்பின் கடைசிப் பத்து இரவுகளில் கம்பத்து வீடுகளில் எரியும் பெலித்தா எண்ணெய் விளக்கும், சீனர்களின் தாங்லோங் காகித விளக்கும் ஒரே ஊரில் பழகியவை. அந்த மூன்றின் கைவேலையும் படைப்புகளில் இருக்கும். வழிபாடு எதுவும் நடக்காது. கோயில் திடலை வாகனம் நிறுத்தத் தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கால்வாயில் அகல் விளக்கு மிதக்கவிடலாமா? வான விளக்கு பறக்கவிடலாமா?

இரண்டும் கூடாது. வாழைமட்டையில் வைத்த அகலானாலும் அதன் எண்ணெய் நீரில்தான் சேரும். வான விளக்கோ எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. காய்ந்த செம்பனை மட்டைக் குவியலில் விழுந்தால் பிறகு தீயணைப்பு வண்டிதான்.

நான் ஒரு படைப்பைத் தர விரும்புகிறேன். என்ன செய்ய வேண்டும்?

தோட்டத் தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தில் வாரந்தோறும் நடக்கும் பட்டறைக்கு நேரில் வாருங்கள். படம் வரைந்து அனுப்பினால் மட்டும் போதாது. இடத்தை மாலையில் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை பார்த்த பிறகே படைப்பை ஏற்றுக்கொள்கிறோம். பகலில் அழகாகத் தெரிந்த இடம் இரவில் கூகைப் பெட்டிக்கு நேரெதிரே இருக்கக்கூடும். எலியைக் கட்டுப்படுத்தத் தோட்டங்களில் கம்பத்தில் வைத்திருக்கும் அந்தப் பெட்டிகளின் வாசலில் வெளிச்சம் விழுந்தால் கூகை உள்ளே வரத் தயங்கும். தோட்டத்தாருக்கும் அது நட்டம்.

மின்சாரத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருப்போம். நீருக்கு அருகில் 12 வோல்ட் மின்கலத்துக்கு மேல் எதுவும் இல்லை. 230 வோல்ட் இணைப்பு புகைக்கூடத்துக்குள் மட்டும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் கருவியுடன், உரிமம் பெற்ற மின்பணியாளரின் கையால். மழையில் நிற்கும் விளக்குக்கு ஐ.பி. 65, நீரில் மூழ்கக்கூடியதற்கு ஐ.பி. 67 என்ற பாதுகாப்புத் தரம் வேண்டும். முதலாவது பீய்ச்சும் நீரைத் தாங்கும். இரண்டாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும். சந்தையில் மலிவாக வாங்கிய விளக்கில் இந்த எண் அச்சிட்டிருந்தாலும், பட்டறை வாளியில் முக்கிப் பார்த்தபின்தான் நம்புவோம். மூங்கில், மெழுகுத்தாள், ஓலை, பழைய சேலை எல்லாம் நல்ல பொருட்கள். மினுக்குத்தூளும் தெர்மோகோலும் வேண்டாம்.

மழை பெய்தால்?

தூறலில் விழா நடக்கும். இடிச்சத்தம் கேட்டால் உடனே விளக்குகளை அணைத்து, எல்லோரையும் பள்ளி மண்டபத்துக்கு அழைத்துச் செல்வோம். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்தே திரும்ப முடியும். செம்பனை மரத்தடியில் ஒதுங்காதீர்கள். வானிலைத் துறை கனமழை எச்சரிக்கை விடுத்தால் அன்றைய இரவு ரத்து. 2021 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த மாவட்டம் இது. அந்த முடிவில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

முதியோரையும் குழந்தைகளையும் அழைத்து வரலாமா?

தாராளமாக. பெரட்டுக் களத்திலிருந்து புகைக்கூடம் வரை செம்மண் சாலை அடித்துச் சமன் செய்யப்பட்டுள்ளது. சக்கர நாற்காலி போகும். குட்டையைச் சுற்றும் பாதை வேர்கள் நிறைந்தது. கைத்தடி ஊன்றுபவர்கள் தவிர்ப்பது நல்லது. ஈயக் குட்டையின் கரை திடீரென ஆழமாகும் என்பதால் வேலி கட்டியிருக்கிறோம். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை, காலுக்கு மூடிய காலணி. காலில் புண் இருந்தால் கால்வாய்ச் சேற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் பரவும்.

கட்டணம் உண்டா? சாப்பாடு கிடைக்குமா?

கட்டணம் ஒரு சென்னும் இல்லை. நாசி லெமாக், புட்டு, தே தாரிக் கிடைக்கும். தூக்குப் பாத்திரமும் தம்ளரும் கொண்டுவந்தால் வரிசையில் முன்னால் நிற்கலாம்.

படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஃபிளாஷ் இல்லாமல். ட்ரோனுக்கு அனுமதி இல்லை. கைப்பேசி விளக்கை அடித்துக்கொண்டு நடப்பவர்களுக்கு நுழைவாயிலில் சிவப்புக் கண்ணாடித்தாள் தருவோம்; அதை ஒட்டிக்கொண்டால் பாதை தெரியும், பக்கத்தவர் கண்ணும் கூசாது.

அதே இரவில் மின்மினியும் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் நாங்கள் அதைப் பரிந்துரைக்கவில்லை. நிலவொளியில் அவை மங்கலாகத்தான் தெரியும். இரண்டு வாரம் கழித்து, மழையில்லாத இருண்ட இரவில் கம்போங் குவாந்தானுக்குப் போங்கள். துடுப்பு வலிக்கும் சம்பானில் ஏறுங்கள். டார்ச்சைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மரக்கிளையைப் பிடித்து உலுக்காதீர்கள். பகலில் நேரம் இருந்தால் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவையும் பார்க்கலாம்.

விழா முடிந்த பிறகு விளக்குகள் என்ன ஆகும்?

மறுநாள் காலையிலேயே எல்லாம் கழற்றப்படும். கோத்தோங் ரோயோங் என்ற கூட்டு வேலைக்குப் பத்து மணிக்குள் வருபவர்களுக்குப் பசியாற உண்டு. மின்கலங்கள் பள்ளி அறிவியல் கூடத்துக்குப் போகின்றன. பால் மங்குகள் அவற்றைக் கொடுத்த வீடுகளுக்குத் திரும்பும். நீர்த் தரக் கம்பங்கள் மட்டும் நிற்கும். மாணவர்கள் மாதம் ஒருமுறை சோதித்து, விளக்குக்குப் பதிலாகத் தகர வட்டைப் பற்களில் மாட்டுவார்கள். ஆற்றோரச் சாலையில் உள்ள வெள்ளைத் தெருவிளக்குகளுக்கு மூடி பொருத்தும்படி நகராண்மைக் கழகத்துக்கு விண்ணப்பம் தயாராக உள்ளது. அந்தச் சாலையில் குடியிருப்பவர்கள் பெரட்டுக் களத்து மேசையில் கையொப்பமிடலாம். அடையாள அட்டை எண் தேவையில்லை, வீட்டு எண் போதும்.